குளிசையும் எண்ணெயும்

பள்ளிக்கூட மண்டபத்துக்கு இரண்டு பக்கச் சுவர்தான் மிச்சம். மற்ற இரண்டு பக்கமும் தென்னோலைக் கிடுகு. அன்று அதற்குள் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம். மேசையில் இருந்த குளிசை டப்பாவை எல்லோரும் எட்டி நின்றே பார்த்தார்கள்.

"இது பூச்சிக் குளிசை. சப்பி விழுங்கினால் சரி. வேறை ஒண்டும் இல்லை," என்றார் கனகசுந்தரம் மாஸ்டர்.

"ஆர் அனுப்பினது?" பாக்கியரத்தினம் கேட்டார்.

"சுகாதாரக் கந்தோர்."

"கந்தோருக்கு ஆர் குடுத்தது?"

"கொழும்பிலையிருந்து வந்திருக்கும்."

"அப்ப நல்ல சாமானாத்தான் இருக்கும். குண்டும் அங்கையிருந்துதானே வாறது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு, கிளிவெட்டிக்கு உள்ளே இருந்த அந்தச் சிறிய ஊரில், கொழும்பிலிருந்து வருவது எதையும் நம்பு என்று ஒரு மனிதனிடம் சொல்வது லேசான காரியமல்ல. இரண்டு முறை இடம்பெயர்ந்து திரும்பிய ஊர். கிணறுகள் பாழ். கக்கூஸ் குழிகள் இடிந்து தூர்ந்துவிட்டன. சனம் குளக்கரைப் பற்றைக்குப் போனது. பிள்ளைகள் அதே மண்ணில் விளையாடி அதே கையால் சாப்பிட்டன. குச்சிக் கால், முன்னுக்குத் தள்ளிய வயிறு, வெளிறிய நாக்கு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தன.

போன கிழமை மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது இருமியது. மூக்கால் ஒரு புழு வந்தது. சாண் நீளம், மண்புழுவைவிட வெளிறிய நிறம். பிள்ளை அதை இழுத்துக் கீழே போட்டது, காலால் மண்ணைத் தள்ளி மூடியது, மறுபடி எழுதத் தொடங்கியது. பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போய்க் குளிசைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

"உதைத் திண்டால் பெடியளுக்குப் பிறகு பிள்ளை பிறக்காதாம். வேறை இடத்திலை குடுத்துப் பாத்திருக்கினம்," என்றார் பாக்கியரத்தினம். ஊரில் ஒரே ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் அவருடையது. விதைநெல், அரிசி மூட்டை, பிரசவ வேதனையில் துடிக்கிற பெண், எதுவானாலும் அதன் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே அவர் சொல்வதற்கு ஒரு எடை இருந்தது. அவருடைய மகன் நிதர்சன் வகுப்பிலேயே பெரிய வயிற்றோடு அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் ஒரு குளிசையை எடுத்துத் தன் வாயில் போட்டுச் சப்பினார்.

"நீங்கள் திண்டு என்ன? உங்களுக்குப் பிள்ளை பிறந்திட்டுதுதானே!" என்றார் பாக்கியரத்தினம்.

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது. முன்வரிசையில் நின்ற தன் மகள் பூரணியைக் கூப்பிட்டார். ஏழு வயது. அவளுக்கும் வயிறுதான் முதலில் தெரியும். மாஸ்டர் வீட்டுப் பிள்ளை என்று புழுக்கள் விலகிப் போகவில்லை. குளிசையைக் கொடுத்தார். அவள் சப்பி விழுங்கி, வாயைத் திறந்து சனத்துக்குக் காட்டினாள்.

"அது நீங்கள் தெரிஞ்செடுத்த குளிசை," என்று சொல்லிக்கொண்டு பாக்கியரத்தினம் முன்னால் வந்தார். டப்பாவுக்குள் கையைவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். "என்ர கையாலை இதைக் குடுக்கிறன். திண்ணட்டும். பிறகு என்ர மகனும் திண்ணுவான்."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பூரணி அதையும் சப்பினாள். "இனிக்குது," என்றாள்.

அதற்குப் பிறகு வரிசை தானாக வந்தது.

மறுநாள் காலையில் ஊர் முழுக்க ஒரே கதை. யாருடைய பிள்ளைக்கு எத்தனை விழுந்தது, எவ்வளவு நீளம் என்று வேலிக்கு மேலால் பெருமையடித்தார்கள். "என்ர பெடிச்சிக்கு நூல்பந்து மாதிரி!" என்று ஒரு பெண் கத்தினாள். பூரணிக்கு ஒன்றுமே விழவில்லை. மாஸ்டரின் மனைவி கமலாதேவி அலுமாரியைத் திறந்து ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

"பூச்சி மருந்து குடுத்தால் அடுத்த நாள் பேதி குடுக்க வேணும். உங்கட அம்மாவும் என்ர அம்மாவும் அப்பிடித்தானே செய்தவை," என்றாள்.

அது மாஸ்டருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மருந்து புழுவைக் கொல்லும், எண்ணெய் வெளியில் தள்ளும். பள்ளி விடுமுறையில் வரிசையாக உட்காரவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். அவர் மகளின் மூக்கைப் பிடித்தார். கமலாதேவி ஊற்றினாள்.

பின்னேரம் வயிறு முறுக்கத் தொடங்கியது. பூரணி காலை மடக்கிக்கொண்டு பாயில் சுருண்டாள். கொஞ்ச நேரம் விடும், பிறகு வரும். வரும்போது அவள் பல்லைக் கடித்தாள். வெளியே ஒன்றும் போகவில்லை. காற்றுக்கூடப் போகவில்லை. இருட்டுகிற நேரத்தில் முதல் வாந்தி வந்தது.

"பாக்கியத்தாரிட்டைச் சொல்லி மெசினை எடுப்பியுங்கோ," என்றாள் கமலாதேவி.

"விடியட்டும்."

"ஏன் விடிய வேணும்?"

மாஸ்டருக்குக் காரணம் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. மெசினைக் கேட்டால் ஊருக்குத் தெரியும். குளிசை தின்ற முதல் பிள்ளை, மாஸ்டருடைய சொந்தப் பிள்ளை, குடல் முறுக்கிக் கிடக்கிறாள் என்று தெரிந்தால் இனி இந்த ஊரில் ஒருவனும் ஒரு மருந்தையும் தொடமாட்டான். அடுத்த மாதம் போலியோச் சொட்டு மருந்து வரும். அதையும் கொட்டிவிடுவார்கள். இப்படித்தான் அவர் தனக்குள் கதைத்துக்கொண்டார். அந்தக் கதைக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. பாக்கியரத்தினத்தின் முகத்தை நினைக்கவே அவருக்குக் கூசியது.

மறுநாள் முழுவதும் வேலிப் படலையைக் கட்டி வைத்தார். கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றார். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தார்கள். ஓமத்தண்ணி பருக்கினார்கள், அது அப்படியே திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது பூரணி பச்சையாக வாந்தி எடுத்தாள். அதில் இரண்டு புழுக்கள் நெளிந்தன. வயிறு கல்லுப்போல் இருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. கமலாதேவி கணவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் படலையை அவிழ்த்துக்கொண்டு பாக்கியரத்தினத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

பாக்கியரத்தினம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் வைக்கோலைப் போட்டு, அதன்மேல் சாக்கை விரித்து, பிள்ளையைத் தானே தூக்கி வைத்தார். ஊர் எல்லை தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார். மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"எப்ப தொடங்கினது?"

"முந்தநாள்."

"முந்தநாளோ! நேற்று என்ர வீட்டுக்கு முன்னாலை சைக்கிளிலை போனனீங்கள் மாஸ்டர். கையும் காட்டினனீங்கள்."

மாஸ்டர் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முனகினாள்.

காவல் தடையில் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு ஆமிக்காரன் பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துவிட்டு உடனே கீழே விட்டான். கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

மூதூர் இறங்குதுறையில் திருகோணமலைக்குப் போகிற லோஞ்சுப் படகு நின்றது. கமலாதேவி பிள்ளையோடு ஏறிவிட்டாள். பாக்கியரத்தினம் மாஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ர மகன் என்ன செய்யிறது? மற்றப் பிள்ளையள் என்ன செய்யிறது? உங்கட மகளுக்கு இண்டைக்கு வந்தது அவங்களுக்கு நாளைக்கு வராதோ?"

"இரண்டு குளிசை திண்டவள். அதாலையாக்கும்."

"உள்ளுக்கை நிக்கிற மருந்தை வெளியிலை எடுக்க வேணும். எல்லாருக்கும் எண்ணெய் பருக்குவம். சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச மனுசன்."

லோஞ்சுக்காரன் கத்தினான். மாஸ்டர் யோசித்ததெல்லாம், மூக்கைப் பிடித்தபோது பூரணி பாதி எண்ணெயைத் துப்பிவிட்டாள் என்பதுதான்.

"ஓம், குடுங்கோ. நாங்கள் குடுத்தது போதாமல் போச்சுதாக்கும். கொஞ்சம் கூடக் குடுங்கோ," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

லோஞ்சில் பூரணியை வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். வாந்தி நாற்றத்துக்குச் சனம் ஒதுங்கியது. ஒரு முஸ்லிம் பெண் மட்டும் பக்கத்தில் இருந்து முந்தானையால் விசிறினாள். துறைமுகத்தின் வாயில் நேவிப் படகு ஒன்று மறித்து, சுற்றிப் பார்த்து, விட்டது. அந்த நேரம் முழுவதும் பூரணி தண்ணி கேட்டாள். கமலாதேவி போத்தல் மூடியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் இளைஞர். நித்திரை இல்லாத கண். வயிற்றை இரண்டு இடத்தில் அமத்திப் பார்த்தவுடனேயே தாதி மிஸ்ஸியிடம் திரும்பி என்னவோ சொன்னார். மூக்கால் குழாய் போட்டார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள்.

"என்ன குடுத்தனீங்கள்?"

மாஸ்டர் குளிசையைச் சொன்னார். ஏன் இரண்டு கொடுக்க வேண்டி வந்தது என்று சனத்தையும் பாக்கியரத்தினத்தையும் சேர்த்து நீட்டி விளக்கத் தொடங்கினார்.

"இரண்டாலை ஒண்டும் நடக்காது. வேறை?"

"ஆமணக்கெண்ணெய்," என்றாள் கமலாதேவி.

டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.

"குளிசை பூச்சியைச் சோரப் பண்ணும். விட்டால் அது தன்பாட்டிலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். நீங்கள் எண்ணெயை விட்டு எல்லாத்தையும் ஒரேயடியாத் தள்ளியிருக்கிறீங்கள். குடல் ஒடுங்கிற இடத்திலை பந்தாச் சுருண்டு அடைச்சு நிக்குது. இப்பிடி வயிறு நிறைஞ்ச பிள்ளைக்குப் பேதியே குடுக்கக் கூடாது. வலி வந்தாப் பிறகு வாயாலை தண்ணியும் குடுக்கக் கூடாது. நேற்றே வந்திருந்தால் குழாயோடை பாத்திருக்கலாம். இப்ப வெட்டித்தான் எடுக்க வேணும்."

"பிழைப்பாளோ?"

"குடல் எந்த நிலையிலை இருக்கு எண்டு திறந்தால்தான் தெரியும்."

கமலாதேவி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். மாஸ்டர் நின்றபடியே நின்றார். அவருடைய காதில் லோஞ்சுக்காரன் கத்தியதும் தான் சொன்னதும் கேட்டன. கொஞ்சம் கூடக் குடுங்கோ.

"டொக்டர், அங்கை பள்ளிக்கூடம் முழுக்க எண்ணெய் குடுக்கப் போறாங்கள்."

"எல்லாருக்கும் இப்பிடி வராது. கனபேருக்கு வயித்தாலை போறதோடை நிண்டிடும். ஆனால் பெரிய வயிறு உள்ள பிள்ளையள், உங்கட மகள் மாதிரி..." டொக்டர் முடிக்கவில்லை. "ஆரையும் பிடிச்சுச் சொல்லேலாதோ?"

ஊரில் போன் இல்லை. மூதூருக்குப் போகிற லைன் அறுந்து மாதக்கணக்கு. கடைசி லோஞ்சு பின்னேரம்.

கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். பூரணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாய் போட்ட மூக்கோடு அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியது. அவர் மனைவிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"நான் போக வேணும் கமலா."

அவள் நிமிர்ந்தாள். "எங்கை?"

"ஊருக்கு. நிப்பாட்ட வேணும்."

"ஊருக்கு முன்னாலை கொண்டுபோய் நிப்பாட்டி இரண்டு குளிசை தீத்தினீங்கள். வெக்கப்பட்டு ஒரு பகல் முழுக்கப் பூட்டி வைச்சனீங்கள். இப்ப அவளை வெட்டேக்கை என்னைத் தனிய விட்டிட்டுப் போறீங்கள். உங்களுக்குப் பிள்ளை அவள் இல்லை. ஊர்தான்."

"நான்தான் குடுக்கச் சொன்னனான்."

"நான்தான் ஊத்தினனான்!" அவள் கத்திய சத்தத்துக்கு வாட்டு முழுவதும் திரும்பியது. பிறகு குரல் இறங்கியது. "போங்கோ. போறதெண்டால் கெதியாப் போங்கோ. அவள் வெளியிலை வரேக்கை நீங்கள் இஞ்சை நிக்கேல்லை எண்டு நான் சொல்லமாட்டன். கடைக்குப் போனவர் எண்டு சொல்லுறன்."

லோஞ்சு மூதூரில் தட்டியதும் மாஸ்டர் இறங்குதுறைக்கு எதிரே இருந்த ஸஹாப்தீனின் பலசரக்குக் கடைக்கு ஓடினார். ஸஹாப்தீன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, பாக்கியத்தார் இஞ்ச எண்ணெய் வாங்கினவரோ?"

"வாங்கினதா? அள்ளிட்டுப் போனாரு. ஆமணக்கெண்ணெய் எண்டு ஒரு சொட்டு இல்ல கடைல. உங்கட ஊருல என்ன மாஸ்டர், எல்லாருக்கும் ஒரே நேரத்துல வயிறு இறுகிட்டா?" மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் ஸஹாப்தீனின் சிரிப்பு நின்றது. "என்ன? புள்ளைக்கு என்ன?"

மாஸ்டர் சொன்னார். ஸஹாப்தீன் கடைசிவரை கேட்கவில்லை. உள்ளே போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "பிரேக் இல்ல. கால ஊண்டி நிப்பாட்டுங்க. ஆமி ரோட்ட மறிக்க முந்திப் போய்ச் சேருங்க."

அவர் போய்ச் சேர்ந்தபோது மறித்துவிட்டார்கள். வீதியின் குறுக்கே தடை மரம் இறங்கியிருந்தது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. காலையில் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்த அதே ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால் நின்றான்.

"நாளைக்கு," என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ்.

மாஸ்டர் கையால் வயிற்றைக் காட்டினார். குடிப்பதுபோல் காட்டினார். கூடாது என்று கையை ஆட்டினார். தெரிந்த சிங்களச் சொல் இரண்டையும் சொன்னார். "நாளைக்கு, மாத்தயா," என்றான் அவன் மறுபடியும். கோபம் இல்லாமல், மரியாதையாகத்தான் சொன்னான்.

அப்போது மறுபக்கத்தில் மெசின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மாஸ்டர் எங்கேயும் அறிவார். வெளிச்சம் இல்லாமல் வந்து தடைக்கு அப்பால் நின்றது. துவக்குகள் நிமிர்ந்தன. பாக்கியரத்தினம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். பெட்டிக்குள் நிதர்சன் சுருண்டு கிடந்தான்.

"மாஸ்டர்!"

"எண்ணெய் குடுத்திட்டீங்களோ?"

"மத்தியானமே குடுத்தனான். முதலிலை இவனுக்குத்தான். நீங்கள் சொன்ன மாதிரிக் கூடத்தான் குடுத்தனான்." பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தார். "சத்தி எடுக்கிறான். வயிறு இறுகிப்போய்க் கிடக்கு."

"மற்றப் பிள்ளையள்?"

"கொஞ்சப் பேர் குடிச்சவங்கள். ஓடி ஓடிப் போறாங்கள், வேறை ஒண்டும் இல்லை. மற்ற வீடுகளிலை சோறு திண்டிட்டுப் பருக்குவம் எண்டு வைச்சிருக்கினம். பிள்ளை எப்பிடி மாஸ்டர்? பூரணி?"

"வெட்டுறாங்கள். தெரியாது."

இரண்டு பேருக்கும் நடுவில் மரமும் முள்ளுக்கம்பியும் இருந்தன. மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "எண்ணெய்தான் பாக்கியத்தார்! குளிசை இல்லை, எண்ணெய்! திரும்பிப் போங்கோ. வீடு வீடாப் போய்ச் சொல்லுங்கோ. ஒருத்தரும் ஒரு துளியும் குடுக்கக் கூடாது. வயித்து நோ வந்த பிள்ளைக்குத் தண்ணியும் குடுக்கக் கூடாது!"

பாக்கியரத்தினம் மகனைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏச்சு இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அப்ப இவனை ஆர் கொண்டு போறது?" என்றார்.

ஆமிக்காரன் உள்ளே போய் ரேடியோவில் கதைத்தான். வெகுநேரம் கதைத்தான். வெளியே வந்து விரலால் காட்டினான். பிள்ளை வரலாம். பெரிய ஆள் வர முடியாது. மெசின் வர முடியாது.

பாக்கியரத்தினம் மகனைத் தூக்கிக்கொண்டு தடை மரத்துக்குக் கிட்ட வந்தார். கம்பிக்கு மேலால் நீட்டினார். உடனே விடவில்லை. இரண்டு பேருடைய கையிலும் பிள்ளை கொஞ்ச நேரம் கிடந்தான்.

"லோஞ்சு இருக்கோ?"

"இல்லை. மூதூரிலை ஆரையும் பிடிச்சு ஏதும் செய்வன். நேவிக்காரனின்ரை காலிலையும் விழுவன்."

"விழுங்கோ," என்றார் பாக்கியரத்தினம். கையை எடுத்தார். மெசினைத் திருப்பினார். ஊருக்குள் சோறு தின்று முடிக்கிற நேரம் அது. மெசின் பள்ளத்தில் விழுந்து எழும்பிப் போகிற சத்தம் தேயும்வரை மாஸ்டருக்கு நிற்க நேரமில்லை. நிதர்சனைத் தோளில் போட்டுக்கொண்டு மூதூர்ப் பக்கம் திரும்பினார். பிள்ளையின் வயிறு அவருடைய கழுத்தடியில் இறுகி முட்டியது.

"தண்ணி," என்றான் நிதர்சன். "மாஸ்டர், தண்ணி."

ஆமிக்காரனுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. இடுப்பிலிருந்து தண்ணிப் போத்தலைக் கழற்றி, மூடியைத் திறந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினான். நிதர்சன் இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்தான். மாஸ்டர் போத்தலைத் தட்டிவிட்டார். தண்ணி வீதியில் கொட்டியது. ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தினான். பிள்ளை அலறினான். மாஸ்டர் அவனுடைய வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.